பாதாள சாக்கடைக்கு முன்பணம்: பசுமை நகரத்தின் கணக்கு வழக்கு

1990-களின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சி தன் மக்களிடம் இப்படிக் கேட்டது: பாதாள சாக்கடை போடப்போகிறோம், வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கட்டுங்கள். கடைகளும் தொழிற்கூடங்களும் 10,000 ரூபாய் கட்ட வேண்டும். இணைப்பு வந்த பிறகு வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கட்டணமும் உண்டு. அப்போது ஒரு தெருவில்கூடக் குழாய் இறங்கியிருக்கவில்லை. அந்தக் காலத்து 5,000 ரூபாய் பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளம்.

ஆலந்தூர் சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். 2001 கணக்கெடுப்பில் சுமார் 1.46 லட்சம் பேர். அன்று அது சென்னை மாநகராட்சிக்கு வெளியே, தனி நகராட்சியாக இருந்தது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அது நிரம்பினால் கழிவுநீர் லாரி, லாரி வரும்வரை தெருக் கால்வாயில் வழியும் சாக்கடை. இதையெல்லாம் மாற்ற சுமார் 34 கோடி ரூபாய் தேவைப்பட்டது. அப்போதைய நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ்.பாரதியும் கவுன்சிலர்களும் கட்சி வேறுபாடு பார்க்காமல் தெருத் தெருவாகப் போய் மக்களிடம் பேசினார்கள். மக்கள் கட்டினார்கள். திட்டச் செலவில் கணிசமான பகுதி டெபாசிட்டாகவே திரண்டது. மீதிக்கு அரசு சார்ந்த நிதி நிறுவனங்கள் கடனும் மானியமும் தந்தன. முதல் கட்டமாக நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையத்தைத் தனியார் தம் முதலீட்டில் கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்கும் முறையில் எடுத்துக்கொண்டார்கள். 2000-ல் வேலை தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் கழிவுநீர் குழாய் வழியே போகத் தொடங்கியது.

இதை நகராட்சி நிர்வாகத்தின் நல்ல கதையாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது பொது நிதியில் ஒரு பாடமாகத் தெரிகிறது. பசுமை நகரம், காலநிலைக்கு ஏற்ற வளர்ச்சி என்று இன்று நாம் பேசும் எதைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை ஆலந்தூர் அன்றே கேட்டுவிட்டது. "முதலீடு யார் போடுவார்?" என்று அது நின்றுவிடவில்லை. "அதை யார், எந்த வருமானத்திலிருந்து, எத்தனை ஆண்டு திருப்பிக் கட்டுவார்?" என்று கேட்டது.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. வங்கியோ, நகரம் வெளியிடும் கடன் பத்திரத்தை வாங்குபவரோ, வெளிநாட்டு வளர்ச்சி வங்கியோ கொடுப்பது கடன். பத்தாண்டில் செய்ய வேண்டியதை இரண்டாண்டில் செய்ய அது உதவும். வேலை முடிந்ததும் அசலும் வட்டியும் நகரத்தின் கையிலிருந்துதான் போக வேண்டும். அந்தக் கைக்குப் பணம் வர வழிகள் மிகக் குறைவு. சேவையைப் பயன்படுத்துபவர் கட்டும் கட்டணம், சொத்து வைத்திருப்பவர் கட்டும் வரி, மாநிலமும் மத்திய அரசும் தரும் பங்கு, இவ்வளவுதான். "பசுமை முதலீடு வருகிறது" என்று ஒரு செய்தி வந்தால், இவற்றில் எது அதை அடைக்கப்போகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். அது தெரியாவிட்டால் திட்டத்தின் பாதிதான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

உலக வங்கி 2022-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. இந்திய நகரங்களின் உள்கட்டமைப்புக்கு 2036-க்குள் 84,000 கோடி டாலர் தேவை என்றது. இப்போதைய செலவில் தனியார் மூலம் திரட்டப்படுவது சுமார் 5 சதவீதம் என்றும் சொன்னது. இந்த அறிக்கையைப் பார்த்ததும் பலரும் சந்தையைத் திறந்துவிட்டால் பணம் கொட்டும் என்று பேசத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ரிசர்வ் வங்கி மாநகராட்சிகளின் நிதிநிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நம் நகராட்சிகளின் மொத்த வருவாயும் செலவும் நாட்டின் உற்பத்தி மதிப்பில் சுமார் 1 சதவீதத்தில் பத்தாண்டுக்கும் மேலாக நின்றுபோயிருக்கின்றன என்றது. பிரேசிலில் அது 7.4 சதவீதம், தென்னாப்பிரிக்காவில் 6 சதவீதம். கடன் கொடுக்க உலகத்தில் ஆள் இருக்கிறது. ஒரு சதவீதக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது என்றுதான் அவர்கள் யோசிக்கிறார்கள்.

பதின்மூன்று ஊர், ஒரே பத்திரம்

இந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்றவர்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. இது நம் ஊரிலேயே அதிகம் பேருக்குத் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

1996-ல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் உருவானது. உலக வங்கிக் கடனை வைத்து முன்பு நடந்துவந்த ஒரு நிதியை, மாநில அரசும் தனியார் நிதி நிறுவனங்களும் கூட்டாக நடத்தும் அமைப்பாக மாற்றினார்கள். உள்ளாட்சிகளின் கணக்கைப் பார்த்து, திருப்பிக் கட்டும் தகுதியைப் பார்த்துக் கடன் கொடுப்பது அதன் வேலை. பெரிய மாநகராட்சிக்கு இது சரி. குடிநீர்க் குழாய் போட மூன்று நான்கு கோடி தேவைப்படும் ஒரு சிறிய நகராட்சி என்ன செய்யும்? அது தனியாகப் பத்திரம் வெளியிட்டால், திருப்பிக் கட்டும் தகுதிக்கான தரச்சான்றுக்கும் வழக்கறிஞருக்கும் கொடுப்பதே பெரும் செலவாகிவிடும். வாங்கவும் ஆள் வராது.

2002 டிசம்பரில் 13 உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை ஒரே கட்டாகக் கட்டி 30.41 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டார்கள். 15 ஆண்டுக் காலம், 9.20 சதவீத வட்டி. இந்தியாவில் இப்படிச் சேர்த்துக் கட்டி வெளியிட்ட முதல் பத்திரம் அதுதான். முன்பின் தெரியாத 13 ஊர்களை நம்பி முதலீட்டாளர் பணம் போட்டதற்குக் காரணம், அடுக்கடுக்காக வைத்திருந்த பாதுகாப்புகள். ஒவ்வொரு ஊரும் தன் வருமானத்திலிருந்து தவணையைத் தனிக் கணக்கில் முதலில் எடுத்து வைக்க வேண்டும். குறைந்தால், மாநில நிதிக்குழு வழியாக அந்த ஊருக்குப் போக வேண்டிய பங்கிலிருந்து நேரடியாகப் பிடித்துக்கொள்ளலாம். அதற்கும் மேலே ஒரு கையிருப்பு நிதி. எல்லாவற்றுக்கும் பின்னால், அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் உத்தரவாதம்.

கிராமத்துச் சீட்டு நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. தனியாளை நம்பி யாரும் தராத பணம், பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஈடு நின்றால் கிடைக்கும். 1998-ல் அகமதாபாத் மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமல் 100 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது. அதைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். பெரிய நகரம் தன் காலில் நின்றது அது. சிறிய ஊர்களையும் நிற்கவைத்தது 2002-ன் பத்திரம். நம் மாநிலத்தில் இன்று ஏரிகளைக் காக்க வேண்டியதும் குப்பையைப் பிரிக்க வேண்டியதும் சாக்கடையைச் சுத்திகரிக்க வேண்டியதும் பெரும்பாலும் இத்தகைய நடுத்தர, சிறிய ஊர்கள்தான். அதனால் இரண்டாவதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பசுமை என்ற முத்திரை எவ்வளவு மிச்சப்படுத்தும்?

இப்போது பசுமைப் பத்திரங்களின் காலம். 2007-ல் ஐரோப்பிய முதலீட்டு வங்கியும், 2008-ல் உலக வங்கியும் தொடங்கிவைத்தன. 2013-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரமும் 2014-ல் ஜோஹன்னஸ்பர்க்கும் வெளியிட்டன. திரட்டும் பணம் சூரியமின்சாரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே செலவாகும் என்று உறுதி தந்து, அதை ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். மற்றபடி அதுவும் ஒரு கடன் பத்திரம்தான்.

முத்திரை குத்தினால் வட்டி குறையும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. இந்திய அரசே 2023 ஜனவரியில் தன் முதல் பசுமைப் பத்திரத்தை 8,000 கோடிக்கு வெளியிட்டபோது, சாதாரண அரசுப் பத்திரத்தைவிட வட்டி சுமார் 0.05 சதவீதப் புள்ளிதான் குறைந்தது. 100 கோடி கடனுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம். ஒரு நகராட்சிக்குச் சான்றிதழுக்கும் தணிக்கைக்கும் ஆகும் செலவுக்கே அது போதுமா என்பது சந்தேகம். எனவே "பசுமைப் பத்திரம் மலிவான பணம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். அதன் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு போனது என்று ஒரு மாநகராட்சி வெளியாருக்குக் கணக்குக் காட்டும் பழக்கம் அதனால் உருவாகிறது.

இந்தூரைப் பார்க்கலாம். அந்த நகரத்துக்குக் குடிநீர் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி ஓடும் நர்மதையிலிருந்து மேட்டில் ஏற்றி வர வேண்டும். மோட்டார்களுக்கான மின்கட்டணம் மட்டும் மாதம் 25 கோடி ரூபாய் அளவில் இருந்தது. 2023 பிப்ரவரியில் மாநகராட்சி 244 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. தண்ணீர் ஏற்றுவதற்காக 60 மெகாவாட் சூரியமின் நிலையம் அமைப்பது நோக்கம். பொதுமக்களும் வாங்கலாம் என்று வைத்தார்கள். 8.25 சதவீத வட்டி. கேட்டதைவிடப் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்தன.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வெயிலில் ஒரு மெகாவாட் சூரியத் தகடு நாளொன்றுக்கு சுமார் 4,000 யூனிட் தரும். 60 மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 8.8 கோடி யூனிட். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்று வைத்தாலும் 44 கோடி. முதலாண்டு வட்டி சுமார் 20 கோடி. அசலையும் சேர்த்துப் பத்தாண்டுக்குள் அடைத்துவிட்டு, தகடு உழைக்கும் மிச்ச ஆண்டுகளின் மின்சாரம் ஏறக்குறைய இலவசம். இந்தக் கணக்கு நிற்கக் காரணம் பசுமை என்ற சொல் இல்லை. மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய பில் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பில் சுருங்கியதில் மிஞ்சியதுதான் கடனை அடைக்கிறது.

சாக்கடையை வாங்க வந்த ஆலைகள்

இதே கணக்கின் சென்னை வடிவம் எனக்கு இன்னும் பிடிக்கும். 1990-களிலேயே மணலியில் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் குடிநீர் வாரியத்திடம் கழிவுநீரை விலைக்கு வாங்கத் தொடங்கின. கோடையில் ஊருக்கே தண்ணீர் இல்லாதபோது ஆலைக்கு நல்ல தண்ணீர் கிடைக்காது. உற்பத்தி நின்றால் ஏற்படும் நட்டத்தோடு ஒப்பிட்டால், சாக்கடையை வாங்கிச் சுத்தம் செய்யும் செலவு குறைவு. சாக்கடை கோடையிலும் வற்றுவதில்லை.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அந்த ஆண்டின் இறுதியில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள உயர்நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. ஒன்று வடசென்னை ஆலைகளுக்கு. மற்றொன்றின் குழாய் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறது. அந்த ஆலைகள் எடுக்காமல் விட்ட ஏரித் தண்ணீர் வீடுகளுக்குக் கிடைக்கும்.

பொருளாதாரம் இங்கே இயற்பியலில் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. உப்பைத் தடுக்கும் சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி ஆயிரம் லிட்டரைக் குடிநீராக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். நகரத்துச் சாக்கடையில் உப்பு அதில் ஒரு சிறு பங்குதான், ஆகவே அதே வகைச் சவ்வு வழியாகத் தள்ள வேண்டிய அழுத்தமும் மின்சாரமும் வெகு குறைவு. மீஞ்சூர், நெம்மேலி என்று கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களைச் சென்னை கட்டிக்கொண்டே போகிறது. பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் கொள்ளளவில் அடுத்தது எழுகிறது. வறட்சிக்கு அது காப்பீடு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கடல்நீர் நிலையமும் மின்கட்டணத்தைக் கூட்டுகிறது. ஒவ்வொரு கழிவுநீர் நிலையமும் ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது. 2021-ல் காசியாபாத் வெளியிட்ட 150 கோடி ரூபாய்ப் பத்திரம், இந்திய மாநகராட்சிகளின் முதல் பசுமைப் பத்திரம், இதே நோக்கத்துக்குத்தான்: கழிவுநீரைச் சுத்தம் செய்து ஆலைகளுக்கு விற்க.

பில் போட முடியாதவை

வாடிக்கையாளர் இருக்கும் பசுமைக்கு வழி பிறந்துவிடுகிறது. மழைநீர் வடிகாலுக்கு வாடிக்கையாளர் யார்? வெள்ளம் வராத நாளுக்கு யாரும் பணம் கட்ட மாட்டார்கள். நிழல் மரத்துக்கும் ஏரிக்கரைக்கும் சதுப்புநிலத்துக்கும் இதே நிலைதான். நகரத்தை வாழவைப்பதில் பாதி இவைதான், இவற்றால் ஒரு ரூபாய் வருமானம் கிடையாது.

2025 மே மாதம் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது, 7.97 சதவீத வட்டிக்கு. பணம் மழைநீர் வடிகால் பணிகளுக்கு. ஆண்டு வட்டி மட்டும் சுமார் 16 கோடி. பத்திரம் வெளியிடும் மாநகராட்சிகளுக்கு 100 கோடிக்கு 13 கோடி என்று மத்திய அரசு தரும் ஊக்கத்தொகை சுமையைக் கொஞ்சம் இறக்கும். ஆண்டு பட்ஜெட் 8,000 கோடியைத் தாண்டும் ஒரு மாநகராட்சிக்கு 200 கோடி பெரிய தொகை இல்லை, ஒரு பழக்கத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். வடிகால் சம்பாதிக்காது என்பதால் இதை அடைக்கப்போவது மாநகராட்சியின் பொது வருமானம். அதில் மாநகராட்சி தானே வசூலிப்பதில் முதன்மையானது சொத்து வரி.

அந்தச் சொத்து வரிக்குச் சென்னையில் என்ன நடந்தது? 1998-ல் பொதுச் சீராய்வு நடந்தது. 2018-ல் உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் 2019-ல் நிறுத்திவைத்தார்கள். 2022-ல்தான் மறுபடி உயர்ந்தது. பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். இடைப்பட்ட 24 ஆண்டுகளில் தியாகராய நகரில் நிலத்தின் விலை எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. ஆண்டுக்கு ஐந்தாறு சதவீதம் ஏறியிருந்தால் யாரும் பெரிதாக உணர்ந்திருக்க மாட்டார்கள். கால் நூற்றாண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே இரவில் இரட்டிப்பாக்கினால் வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் கோபத்தைக் கண்டு அடுத்து வருபவர் மறுபடி தொடாமல் விடுவார். இப்போது ஆண்டுக்கு ஆண்டு சிறிது ஏற்றும் முறைக்கு மாறியிருப்பது நல்லது. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்கான மானியத்துக்கு அதை நிபந்தனையாக வைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

வரி ஏறாததால் மக்களுக்கு மிச்சமானதா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கேன் தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு எவ்வளவு போகிறது? அடுக்ககங்கள் தனியார் லாரிக்குக் கோடையில் எவ்வளவு கொடுக்கின்றன? இன்னும் பாதாள சாக்கடை வராத புறநகரில் கழிவுநீர் லாரிக்கு? 2015 டிசம்பரில் தண்ணீரில் மூழ்கிய ஃபிரிட்ஜும் பைக்கும் மெத்தையும்? மாநகராட்சி வாங்காத வரியை ஊரில் வேறு பலர் வசூலித்துவிட்டார்கள். ரசீதும் கிடையாது, ஏழை பணக்காரர் என்ற படிநிலையும் கிடையாது. 400 சதுர அடி வீட்டுக்கும் அதே கேன் விலைதான்.

இங்கேதான் பள்ளிக்கரணை வருகிறது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரந்திருந்த சதுப்புநிலம். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் அங்கே போய்த் தங்கி, மெல்லக் கடலுக்கு இறங்கும். பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் அதைத் தின்றது போக மிஞ்சியதில் சுமார் 1,250 ஹெக்டேர் 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கிடங்கின் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலையும் நடக்கிறது. அந்த நிலம் தாங்கும் வெள்ளத்துக்கு யாரும் விலை போட்டதில்லை. அதனால் பக்கத்து மனைக்குக் கோடிகள், அதற்குச் சுழியம். எந்த முதலீட்டாளரும் அதன்மேல் பத்திரம் வாங்க மாட்டார்.

ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியின் பல நகரங்கள் மழைநீருக்கென்று தனிக் கட்டணம் வாங்குகின்றன. மனையில் எத்தனை சதுர மீட்டர் சிமென்டும் தாரும் போட்டு மூடப்பட்டிருக்கிறதோ அதற்கேற்பக் கட்டணம். மண்ணாக விட்டால் குறையும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா 2010 முதல் வணிக மனைகளுக்கு இதே முறையைக் கொண்டுவந்தது. அந்த நகரம் கூடுதல் சுரங்கக் குழாய்களை மட்டும் நம்பாமல், மழை மண்ணுக்குள் இறங்கும்படி தெருவோரத் தோட்டங்களையும் பள்ளங்களையும் அமைத்துவருகிறது. பெரிய மால், பெரிய கார் நிறுத்தம் வைத்திருப்பவர் அதிகம் கட்டுகிறார். மனையை மண்ணாக விட்டிருப்பவர் குறைவாகக் கட்டுகிறார். நம் மாநிலத்தில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினோம். குழி இருக்கிறதா என்று பார்ப்பதோடு அது நின்றுவிட்டது. தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறோம் என்பதை யாரும் அளக்கவில்லை.

அளப்பது கஷ்டமில்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. சிமென்ட் போட்ட 1,000 சதுர அடி முற்றம் ஒன்றில் அன்று விழுந்தது ஏறத்தாழ 45,000 லிட்டர், 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் கிட்டத்தட்ட நான்கு லாரி. கோடையில் அந்த நான்கு லாரியை விலைக்கு வாங்கும் அதே அடுக்ககம், அன்று அதை வாசலுக்கு வெளியே தள்ளியது. அதற்காக அது மாநகராட்சிக்குக் கட்ட வேண்டியிருந்தது எதுவுமில்லை. தண்ணீர் தாழ்வான தெருக்களுக்குப் போனது.